இயந்திரமும் அதன் காப்பும்

(உத்தரகோசமங்கையில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



"இயந்திரங்களைப் பேணும் முறை" என்னும் பொருள்பற்றி யான் பேசவேண்டுமென்று நம் காரியதரிசியவர்கள் கடிதம் விடுத்தபோது, அது வேறொருவர்க்கு எழுதப்பெற்று வழிதவறி என்பால் வந்ததோ என்று முதற்கண் ஐயுற்றேன். எழுத்தும் சொல்லும் பொருளும் கற்பித்து வயிறு வளர்க்கும் தமிழாசிரியன் ஒருவனுக்கு எஞ்சினோடும் மோட்டாரோடும் என்ன உறவு என்று நீங்களும் எண்ணுதல் கூடும். ஆயினும், ஆழ்ந்து நினைந்தபோது, இப்பொருள்பற்றி இவ்வவையிற் பேசுதற்கு எனக்கு ஒரு கடமையும் ஒரு கடனும் உண்டு என்று தெளிந்தேன். கடமை இன்னதென்பதை இப்பொழுதே கூறுவேன். கடன் இன்னதென்பதை இறுதியிற் கூறுவேன்.

நம் முன்னோர் ஏரையும் மாட்டையும் வலையையும் நம்பி வாழ்ந்தனர். இன்றோ நம் வீடுகளில் இயந்திரம் இல்லாத வீடு அரிது. கண்மாய்ப் பாசனத்துக்கு மோட்டார்; நெல்லுக்கும் மிளகாய்க்கும் அரைவை மில்; கடல்மேற் செல்வோர்க்கு விசைப்படகின் எஞ்சின்; உப்பளத்தில் உப்புநீர் இறைக்கும் பம்பு; வாடகைக்கு ஓடும் லாரியும் டிராக்டரும்; இவையே இன்று நம்மவரிற் பலர்க்குச் சோறிடுகின்றன. இவற்றுட் பெரும்பாலன கடன்பட்டு வாங்கியவை. மாடு நோயுற்றால் உடனே நாட்டு வைத்தியரை அழைத்த நாம், எஞ்சின் நோயுற்றால் அது விழுந்து மடியுமளவும் வேலை வாங்குகின்றோம். விழுந்தபின் மெக்கானிக்கைத் தேடுகின்றோம். மெக்கானிக் வந்தபின் பணத்தைத் தேடுகின்றோம். இவ்வழக்கத்தை எடுத்துக் கூறுதலே என் கடமை.

இவ்வூரிற் பிறந்தவர்க்குக் "காப்பு" என்னும் சொல்லை விளக்க வேண்டுவதில்லை. நம் மங்களநாத சுவாமி திருக்கோயிலின் மரகத நடராசர் திருமேனி ஆண்டு முழுதும் சந்தனக் காப்பினுள் இருப்பதனையும், மார்கழித் திருவாதிரையை ஒட்டி ஆண்டுக்கொருமுறை அக்காப்புக் களையப்பெற்று, திருமஞ்சனம் நிகழ்ந்து, பின்னர்ப் புதுக்காப்பு இடப்பெறுவதனையும் நாம் அறிவோம். பேரொலியின் அதிர்வும் அத்திருமேனிக்கு ஆகாது என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். இதன் சமயப் பொருளை விரித்தல் இன்றைய வேலையன்று. இதிலுள்ள உலகியல் நெறி ஒன்றனை மட்டும் எடுத்துக்கொள்வோம். காப்பிட்டதோடு பேணுதல் முடிந்துவிடுவதில்லை. காலந்தோறும் காப்பைக் களைந்து, உள்ளிருப்பதைக் கண்ணாரக் கண்டு, மீண்டும் காப்பிட வேண்டும். களையாமலும் காணாமலும் மேலுக்குமேல் பூசுவது காப்பாகாது. புண்ணுக்குப் புனுகு பூசிய கதையாகும்.

இந்நெறியை இரும்பிற் காணவேண்டின், நாம் நெடுந்தூரம் செல்லவேண்டா. பாம்பனுக்குச் சென்றாற் போதும். பழைய பாம்பன் இரயில் பாலம் 1914-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள் திறக்கப்பெற்றது. இரண்டு கிலோமீட்டருக்குச் சிறிது மிகுந்த நீளம்; சிறிய கண்கள் 145; அவற்றிடையே கப்பல் செல்லுதற்குத் திறந்து மூடும் ஷெர்சர் தூக்குப்பாலம் ஒன்று. அதன் இரு சிறகுகளும் சகடக்கால்போல் வளைந்த அடியின்மேல் உருண்டு பின்சாய்ந்து மேலெழுந்தன; இருபுறமும் பணியாளர் நின்று கைவலியாற் பற்சக்கரங்களைச் சுழற்றித் திறந்தனர். 1988-இல் சாலைப் பாலம் வருமளவும் இராமேசுவரத் தீவுக்குத் தரைவழி என்று இருந்தது இவ்விருப்புப் பாதை ஒன்றே.

கடல்நடுவே இரும்பு நிற்பதென்றால் என்ன என்பதை நெய்தல் நிலத்து மக்களாகிய நாம் நன்கறிவோம். உப்புக்காற்று இரும்பின்மேற் படிகின்றது. அவ்வுப்புக் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளுதலின், மழை பெய்யாத நாளிலும் இரும்பு நனைந்தே இருக்கின்றது. தோன்றிய துரு, தான் தோன்றிய இரும்பினும் மிகுதியான இடம் கொள்ளுவது. ஆதலால் அது பூச்சினடியில் இருந்துகொண்டே பூச்சை மேலே தள்ளிப் பெயர்க்கும். எனவே, அப்பாலத்தைக் காத்தவர்கள் சுரண்டுவதும், தேய்ப்பதும், பார்ப்பதும், பூசுவதும், மறுபடி சுரண்டுவதுமாகவே வாழ்நாளைக் கழித்தார்கள். பாலம் நூறாண்டு நின்றது என்று வியக்கின்றோம். அது தானே நிற்கவில்லை. பெயர் அறியப்படாத கூலியாளர் பலர் தலைமுறை தலைமுறையாக அதனை நிற்கவைத்தார்கள்.

1964 டிசம்பர் 22, 23-ஆம் நாள்களுக்கு இடைப்பட்ட இரவில் வந்த பெரும்புயலை இவ்வட்டாரத்தார் மறவார். தனுஷ்கோடி அழிந்தது; அங்குச் சென்ற இரயில் பயணிகளோடு கடலுள் மறைந்தது; பாலத்தின் 145 கண்களுள் 126 கண்களின் உத்தரங்கள் அடித்துச் செல்லப்பெற்றன. தூக்குப்பாலமோ தப்பி நின்றது. பொறியாளர் ஸ்ரீதரனார் தலைமையில், கடலில் வீழ்ந்த உத்தரங்களைத் தேடியெடுத்து மீண்டும் ஏற்றி, 46 நாள்களிற் பாலத்தை உயிர்ப்பித்தனர். 2007-இல் அகலப்பாதை ஆக்கப்பெற்ற பின்னர் முன்னிலும் கனத்த வண்டிகள் அதன்மேல் ஓடின.

முதுமை வந்தது. 2018 டிசம்பரில் தூக்குப்பாலத்திற் பழுது காணப்பெற்று, சில மாதங்கள் வண்டிப் போக்குவரத்து நின்றது. பிறகு சென்னை ஐ.ஐ.டி. அறிஞர்கள் அப்பாலத்தில் உணரிகள் என்னும் கருவிகளைப் பொருத்தினர். இரும்பு எவ்வளவு நெளிகின்றது, எவ்வளவு அதிர்கின்றது என்பதனை அவை இரவும் பகலும் அளந்து அறிவித்தன. மருத்துவர் நாடியிற் கைவைத்தவாறே இருந்தால் எவ்வாறோ அவ்வாறு. 2022 டிசம்பர் 23-ஆம் நாள், தூக்குப்பாலத்தின் நிலை சரியில்லை என்று அக்கருவிகள் எச்சரித்தன. அதிகாரிகள் வண்டிகளை நிறுத்தினர். அன்று நின்றவை பழைய பாலத்தில் மீண்டும் ஓடவில்லை. 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் புதிய பாலம் திறக்கப்பெறுமளவும், இரண்டு ஆண்டுக்கு மேல், இராமேசுவரத்திற்கு இரயில் இல்லை. யாத்திரிகர் மண்டபத்தில் இறங்கிப் பேருந்து ஏறினர், மீன் வணிகரும் சிறு கடைக்காரரும் இடருற்றனர், முணுமுணுத்தவர் பலர். ஆனால், அன்பர்களே, அப்பாலத்திற் கருவி எச்சரித்த பின்னர் ஓர் உயிரும் அங்கே போகவில்லை. கருவி சொல்லியது, கேட்கவேண்டியவர் கேட்டார், நட்டத்தை ஏற்றுக்கொண்டு நிறுத்தினார். இதனை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் இதனை மற்றொரு நிகழ்ச்சியோடு ஒத்துநோக்கும்படி வேண்டுவேன்.

இனி, பேணும் வகைகளைப் பார்ப்போம். குளத்தில் வாழ்ந்த மூன்று மீன்களின் கதையை நம் குழந்தைகளும் அறிவர். வருமுன் காப்போன், வரும்போது காப்போன், வந்தபின் காப்போன் என்பன அவற்றின் பெயர்கள். உடைந்தபின் பழுது பார்ப்பவன் மூன்றாம் மீன். ஐம்பது ரூபாய்ப் பெல்ட்டாயின் அவ்வாறிருத்தலிற் குற்றமில்லை, அறுந்தபின் மாற்றலாம். நடுக்கடலில் ஓடும் எஞ்சினில் அவ்வாறிருப்பவன் தன் உயிரையும் உடன் வந்தவர் உயிரையும் பணயம் வைக்கின்றான்.

நாட்காட்டியைப் பார்த்து, இத்தனை மணி நேரத்துக்கொருமுறை எண்ணெய் மாற்றுவது, இத்தனை திங்களுக்கொருமுறை கழற்றிப் பார்ப்பது என்பது மற்றொரு முறை. எண்ணெய்க்கும் வடிகட்டிக்கும் இது நல்ல முறையே. ஆனால் இதனை எல்லாவற்றிற்கும் கொள்ளுதல் தவறு என்பதை உலகம் பட்டறிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கில வான்படையின் கடற்காவற் பிரிவில், 50 மணி நேரம் பறந்த விமானங்களைக் கழற்றிச் சோதிப்பது வழக்கம். வாடிங்டன் என்னும் உயிர்நூல் அறிஞரும் அவர் குழுவினரும் கணக்கெடுத்துப் பார்த்தபோது, சோதனை முடிந்தவுடனே பழுதுகள் மிகுந்தும், நாளாக ஆகக் குறைந்தும் வரக் கண்டனர். நன்றாக ஓடியதனைக் கழற்றியதே பழுதுக்குக் காரணமாயிற்று! பிற்காலத்தில், 1978-இல், யுனைடெட் ஏர்லைன்சைச் சார்ந்த நோலன், ஹீப் என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், விமான உறுப்புக்களுள் நூற்றுக்கு 11 மட்டுமே வயது ஆக ஆகப் பழுது மிகும் இயல்பின. ஏனைய 89-க்கும் வயது வரம்பு வைத்து மாற்றுவதாற் பயனில்லை என்று காட்டினர். ஆகவே, வயதைப் பாராது நிலையைப் பார்த்து, அறிகுறி தோன்றியவுடன் ஆவன செய்வதே வருமுன் காப்போன் முறையாம். நோயையும் அதன் முதலையும் ஆராய்ந்தே மருந்து செய்யவேண்டும் என்று திருவள்ளுவர் மருந்ததிகாரத்திற் காட்டிய நெறி மனித உடலுக்கு மட்டும் உரியதன்று.

"நிலையைப் பார்க்க எங்களிடம் ஐ.ஐ.டி. கருவி இல்லையே" என்பீர்கள். இறைவன் கொடுத்த கருவிகள் இருக்கின்றன.

முதலாவது கண். டீசல் எஞ்சினின் புகையைப் பாருங்கள். கரும்புகை வந்தால் காற்றுக் குறைவு அல்லது எரிபொருள் மிகுதி. நீலப்புகை வந்தால் மசகெண்ணெய் எரிகின்றது. வெண்புகை நீங்காமலிருந்தால் எரிபொருள் முற்றும் எரியவில்லை, அன்றி நீர் உட்புகுந்தது. எண்ணெய் அளவுக் கம்பியை இழுத்துப் பார்க்கையில் எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என்று அறிந்து, அக்கணமே நிறுத்துங்கள். பெல்ட்டின் அடியிற் கரும்பொடி உதிர்ந்திருந்தால், கப்பிகள் நேரில் இல்லை. போல்ட்டைச் சுற்றிச் செந்துருக்கோடு கசிந்திருந்தால், அது தளர்ந்து உள்ளே உராய்கின்றது.

இரண்டாவது செவி. மட்குடம் வாங்கும் தாய்மார் தட்டிப் பார்த்து வாங்குகின்றீர்கள். நல்ல குடம் கணீரென்னும், கீறற்குடம் சப்பென்னும். இரயில் நிலையத்தில் சுத்தியலோடு வந்து சக்கரங்களைத் தட்டிச் சென்ற பணியாளர் செய்ததும் இதுவே. நீண்ட திருப்புளியின் நுனியைப் பேரிங்கின் கூட்டில் வைத்துப் பிடியைக் காதோடு பொருத்தினால், உள்ளிருக்கும் குண்டுகளின் ஓசை கேட்கும். சுழலும் பகுதியினின்று விலகி, தளர்ந்த ஆடையும் துண்டும் இன்றிச் செய்யவேண்டும். சீரான இரைச்சல் நலம், கரகரப்புத் தேய்வு, விட்டுவிட்டு வரும் தட்டோசை விரிசல்.

மூன்றாவது கை. ஓடி நிறுத்திய மோட்டாரின் பேரிங் மூடியைப் புறங்கையால் மெல்லத் தொடுங்கள். நேற்றுப் பொறுக்க முடிந்த சூடு இன்று பொறுக்க முடியவில்லையானால் காரணம் தேடுங்கள். மோட்டாரின் உட்சுற்று, தன் வரம்புக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைச் சூட்டிற்கும் தன் ஆயுளிற் பாதியை இழக்கும் என்பது மின்பொறியாளரின் பொதுக்கணக்கு. சூடானவுடன் கிரீசை அமுக்கி நிறைப்பவர் உளர். மிகுந்த கிரீசும் பேரிங்கைச் சூடாக்கும் என்பதை மறவாதீர்கள். பசித்தவனுக்கும் அளவோடுதான் உணவு.

நான்காவது மூக்கு. எரிந்த ரப்பர் நாற்றம் வழுக்கும் பெல்ட்டினது. எரிந்த வார்னிசு நாற்றம் மோட்டாரின் உட்சுற்றினது. நாற்றம் வந்தபோது நோய் முற்றிவிட்டது என்க. பழுதின் அறிகுறிகள் பெரும்பாலும் முதலில் நுண்ணிய அதிர்வாகவும், பின் எண்ணெயிற் கலந்த உலோகத்துகளாகவும், அதன்பின் செவிக்கெட்டும் ஓசையாகவும், அதன்பின் சூடாகவும், இறுதியிற் புகையாகவும் தோன்றுவன. முன்னதாகக் கண்டவனுக்குச் செலவு குறைவு. பின்னதாகக் கண்டவனுக்குத் துயரம் மிகுதி.

ஆசிரியனாகிய எனக்கு மிக உவப்பான முறை ஒன்றுண்டு; அதற்கு வேண்டுவது சுண்ணக்கட்டி. கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்குமென்று ஐயமுற்ற இரும்பைக் குளிர்ந்தபின் மண்ணெண்ணெயால் நனைத்துச் சிறிது நேரம் விட்டு, மேற்புறத்தை நன்கு துடைத்து உலர்த்தி, சுண்ணப்பொடியை மெல்லத் தடவுங்கள். விரிசலுள் ஒளிந்த எண்ணெய் கசிந்து வெண்மைமேற் கோடாகத் தோன்றும். பழைய இரயில் பட்டறைகளில் அச்சுக்களை இவ்வாறுதான் சோதித்தார்கள்.

இப்போது கைக்கடக்கமான அதிர்வளவிகளும், தொடாமலே சூட்டை அளக்கும் கருவிகளும் கடைகளிற் கிடைக்கின்றன. 15 கிலோவாட் வரையுள்ள சிறு இயந்திரங்களுக்கு அதிர்வின் வேகம் வினாடிக்கு 1.8 மில்லிமீட்டர் வரை ஏற்கத்தக்கது, 4.5-ஐக் கடந்தால் ஆகாது என்பது சர்வதேசத் தர அளவு. ஆனால் ஒன்று சொல்வேன். ஒருநாள் அளந்த எண் ஊமை; நாள்தோறும் அளந்து எழுதிய எண்களே பேசும். நேற்று 1, இன்று 1, நாளை 2 என்று ஏறும் வரிசையே நமக்குச் செய்தி. ஆகவே எல்லாக் கருவிகளினும் தலையாயது, பத்து ரூபாய் விலையுள்ள நோட்டுப்புத்தகம்.

அந்த நோட்டுப்புத்தகத்தைப் பற்றியதே, இறுதியிற் கூறுவேன் என்ற என் கடன்.

எனக்குப் பன்னிரண்டு வயது. என் தாய்மாமனுக்கு இவ்வூர்க்கு அயலிலுள்ள சிற்றூரொன்றில் அரைவை மில் இருந்தது. பெரிய சக்கரம் பூட்டிய டீசல் எஞ்சின். அதனை ஓட்டியவர் நம் வகுப்பினர் அல்லர், கூலிக்கு வந்தவர், எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும் அவ்வெஞ்சினைத் தம் பிள்ளைபோற் காத்தார். அவருக்குக் கண்பார்வையும் மங்கியிருந்தது. "தம்பி, நீ படிக்கிற பிள்ளை. நாள்தோறும் மாலையில் கம்பியை இழுத்து, எண்ணெய் எந்தக் கோட்டில் நிற்கிறதென்று பார்த்து நோட்டில் எழுதி, எனக்கும் சொல்லு" என்று என்னிடம் ஒப்புவித்தார். ஒரு வாரம் ஒழுங்காகப் பார்த்து எழுதினேன். பின்னர்க் கண்மாய்க்கரையில் பந்தாட்டம் என்னை இழுத்தது. நான்கு நாள் கம்பியைத் தொடவேயில்லை. "மேற்கோடு, மேற்கோடு" என்று எழுதினேன். அவரிடமும் அவ்வாறே சொன்னேன்.

அறுவடைக் காலம், மில்லின் வாசலில் நெல்மூட்டைகள் குவிந்திருந்தன. ஐந்தாம் நாட்காலை அவர் மாமனிடம் வந்து, "முதலாளி, எஞ்சின் தாளம் தப்புகிறது. ஒருநாள் நிறுத்திக் கழற்றிப் பார்த்துவிடலாம்" என்றார். மாமன் நோட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். "எண்ணெய் மேற்கோட்டில் நிற்கிறது. உனக்குக் காதும் மங்கிவிட்டதா? அறுவடை முடியட்டும், ஓட்டு" என்றார். யான் அருகேதான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

அன்று பிற்பகல் எஞ்சினின் இணைப்புத்தண்டு முறிந்து கூட்டை உடைத்துக்கொண்டு வெளிப்பட்டது. எரிபொருளை அடைக்க ஓடிய அவர் வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. எண்ணெய்க் கசிவால் கீழ்க்கோட்டுக்கும் கீழே எண்ணெய் இறங்கியிருந்தது என்று பின்னர் வந்த மெக்கானிக் சொன்னார். அது எஞ்சின் உடைந்தபின் ஒழுகியதாக இருக்கும் என்றார் மாமன். நோட்டு அப்படித்தானே சொல்லிற்று! கவனமில்லாமல் ஓட்டினாரென்று அவரையே வேலையினின்று நீக்கினார்கள்.

யான் ஆசிரியனாகிப் பல ஆண்டுகள் சென்றபின் அவரைத் தேடினேன். அவர் காலமாகிவிட்டார். அவர் மகனைக் கண்டு உண்மையைக் கூறினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "எண்ணெய் சரியாகத்தான் இருந்தது, தம்பி பார்த்து எழுதியது, வேறு என்ன கோளாறோ தெரியவில்லை என்றே அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்" என்றார். அன்பர்களே! அவர் தம் செவியை நம்பினார். என் எழுத்தையும் நம்பினார். அவருடைய செவி மெய் சொல்லிற்று. படித்தவன் எழுத்துப் பொய் சொல்லிற்று. பொய்யான எழுத்து மெய்யான செவியை வென்றது. எழுத்தறிவிப்பதையே தொழிலாகக் கொண்ட யான் இக்கடனை எவ்வாறு தீர்ப்பேன்? அதனை அவையறியக் கூறுதலும், உங்கள் பிள்ளைகளுக்கு உரைத்தலுமே என்னால் இயல்வது.

பாம்பனையும் அந்த மில்லையும் ஒத்துநோக்குங்கள். அங்கே மெய்யாக அளந்தனர், சொல்லியதைக் கேட்டனர், நட்டத்தைப் பொறுத்தனர், உயிர் தப்பியது. இங்கே பாராமல் எழுதினேன். கேளாமல் ஓட்டினார் மாமன். ஒருநாள் அரைவைக் கூலியை விட மனமில்லாமல், ஓர் உழைப்பாளியின் கையை இழந்தோம். புதிய பாம்பன் பாலத்திற்குத் துருப்பிடியாத எஃகும் உயர்ந்த பூச்சும் கொடுத்திருக்கின்றார்கள். அதன் 72.5 மீட்டர்த் தூக்குக்கண் மின்விசையால் 17 மீட்டர் மேலெழுகின்றது. அதற்கும் பார்ப்பவர் வேண்டும். பார்த்ததை எழுதுபவர் வேண்டும். எழுதியதைக் கேட்பவர் வேண்டும்.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள். ஒன்று: இயந்திரம் உடைய ஒவ்வொரு வீட்டாரும் ஒரு நோட்டு வைத்து, நாள், ஓடிய நேரம், எண்ணெய், சூடு, ஓசை ஆகியவற்றை எழுதுக. பார்க்காத நாளில் "பார்க்கவில்லை" என்று எழுதுக, அதில் இழிவில்லை. இரண்டு: சங்க நிதியிலிருந்து அதிர்வளவி ஒன்றும் சூடளவி ஒன்றும் வாங்கி, வேண்டுவோர்க்கு முறைவைத்து இரவலாகத் தருக, மாதக் கூட்டத்தன்று நோட்டுக்களைக் கொணர்ந்து, அறிந்தவரிடம் காட்டுக. மூன்று, இதுவே முதன்மையானது: இயந்திரத்தருகே நிற்பவர் எவராயினும், எக்குலத்தவராயினும், எழுத்தறியாதவராயினும், "ஓசை மாறுகிறது" என்று ஒரு சொல் சொன்னால், அறுவடைக் காலமாயினும் நிறுத்திப் பாருங்கள். பழுது இல்லையென்று தெரிந்தால் அவரைக் கடியாதீர்கள். கடிந்தால் அடுத்தமுறை அவர் சொல்லமாட்டார்.